பாதை அடைத்திருக்கிறது என்று சொன்னேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஆய்க்குடிப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பலசரக்குச் சிட்டையும் கடுதாசியும்தான். இப்போது மறதி வேறு. சொன்னதையே திருப்பிச் சொல்வேன், நடுவில் ஒன்றை விட்டுவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் ஆச்சி என்று இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் கேட்டபோது, ஊர்ச் சமையலைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வேறொன்றை எழுதுகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மகள் மீனாவோடு நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் இருக்கிறேன். வந்து பன்னிரண்டு வருஷம். பக்கத்து வீட்டில் என் வயதுக்காரி ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருக்கிறாள். ஒருநாள் மூன்று மணிக்குத் தேத்தண்ணீர் குடிக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். நான் சுசியம் போட்டு வைத்துக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு மீனாவின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது: காற்று அதிகமாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன். அவள் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் எண்ணி முப்பது அடி. எனக்கு முகம் சுண்டிவிட்டது. மீனா சிரித்தாள். “அம்மா, இங்க அது தப்பே இல்ல. வெதர்னு சொல்லிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க” என்றாள். அது உண்மைதான். காற்று, மழை, பனி, ரோடு மூடியிருக்கிறது, இவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்துவிடலாம். வந்த புதிதில் இதைக் கண்டு மலைத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியதால்தான் இந்தக் கதையே.

மீனாவின் வீட்டுக்காரர் டேனியல் இந்த ஊர்க்காரர். நல்ல பிள்ளை, சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லீவில் எங்களைக் கேம்பர்வேனில் கூட்டிக்கொண்டு போனார். கேம்பர்வேன் என்றால், ஒரு வீட்டையே மடக்கி வேனுக்குள் வைத்ததுபோல இருக்கும். அடுப்பு, படுக்கை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே. மலைக்கு அந்தப்பக்கம் இருந்த அவருடைய அண்ணனைப் பார்க்கப் போனோம். அண்ணனும் தம்பியும் பார்த்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மலை ஏறும் இடத்தில், பாதை மூடியிருக்கிறது என்று விளக்குப் பலகையில் எழுத்து ஓடியது. மேலே பனி. டேனியல் வண்டியை ஓரங்கட்டி, தேத்தண்ணீர் போட்டுக் குடித்துவிட்டு, அண்ணனுக்குப் போன் செய்து, “ரோடு மூடியிருக்கு, வரல” என்றார். அந்த அண்ணன் சொன்னது இரண்டே வார்த்தை: “நோ வொரீஸ்.” வண்டியைத் திருப்பி வேறு ஊருக்குப் போய்விட்டோம். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இப்படி ஒரு லேசான வாழ்க்கை உண்டா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பொறாமையாகக்கூட இருந்தது.

போன வருஷம் ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஆய்க்குடியில் தம்பி சம்சாரம் இறந்தபோதுகூட நான் போகவில்லை. கொச்சியில் ஒரு கேம்பர்வேனை எடுத்துக்கொண்டு, தென்மலை, ஆரியங்காவு வழியாக மலையைத் தாண்டிச் செங்கோட்டையில் இறங்கி, குற்றாலம், தென்காசி, அப்புறம் மதுரை என்று மீனாவும் டேனியலும் திட்டம் போட்டார்கள். ஆனி, ஆடி சாரல் சமயம். எந்த நாள் மழை, எந்தப் பாதையில் மண் சரியும், சரிந்தால் எந்தப் பாதையில் சுற்றிப் போவது என்று லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எழுதினார்கள். மஞ்சள் கட்டம், பச்சைக் கட்டம், சிவப்புக் கட்டம். என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்து, “சாரல் எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டாள் மீனா. “நனையும், காயும்” என்றேன். அதையும் ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு, “மாமா வீட்டுல எத்தன நாள் இருக்கணும் ஒனக்கு?” என்று கேட்டாள். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். நான், “ஒங்க சௌகரியம்” என்றேன். என் வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பதில் அதுதான். ஆய்க்குடிக்கு நேராக அவள் எழுதியதைப் பிறகு படித்துக் காட்டினாள்: மதியச் சாப்பாடு. அவ்வளவுதான். ராத்தங்கல்கூட இல்லை. வயதான மனிதர் வீட்டில் மூன்று பேர் போய்த் தங்கிச் சிரமப்படுத்தக் கூடாது, நம்மிடம்தான் வேனில் எல்லாம் இருக்கிறதே என்று டேனியல் சொன்னாராம். அவர்கள் ஊரில் அது மரியாதை.

அந்தப் பக்கம் தம்பி சுடலைமுத்து வாரம் தவறாமல் போன் போட்டான். வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. புழக்கடையில் வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டியாயிற்று. “மருமவன் குத்தவச்சு இருக்க மாட்டாருல்லா எக்கா? மேஸ்திரிட்ட சொல்லி நாற்காலி மாரி வச்சாச்சு. நான் ஏறி உக்காந்து பாத்தேன், சிம்மாசனந்தான்” என்றான். இசக்கி, அவன் மகள், பின்னாலிருந்து, “காலைல ஏறுனா மத்தியானம் வரைக்கும் எறங்க மாட்டேங்காவ அத்தே” என்று கத்தினாள். நானும் சிரித்தேன். “எத்தன நாள் இருப்பிய?” என்று அவன் கேட்டபோது, “வந்து பாத்துக்கிடுவோம்ப்பா” என்றேன். மதியச் சாப்பாடு என்ற இரண்டு வார்த்தையை அவனிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டியிருக்கிறான் என்பதை மீனாவிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது. சொன்னால் கட்டத்தை மாற்றச் சொல்லி நான் கேட்பதுபோல ஆகிவிடுமே என்று இருந்துவிட்டேன்.

நாங்கள் வியாழக்கிழமை மலை இறங்குவதாகத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். தென்மலையில் நிற்கும்போது டேனியல் போனைப் பார்த்து, புதன்கிழமையே பெரிய மழை வருகிறது, இன்றே தாண்டிவிடுவோம் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு சொட்டு மழை இல்லாமல் புளியரை வந்து, செங்கோட்டை வழியாகக் குற்றாலத்தில் வண்டியை நிறுத்தினோம். ஆய்க்குடிக்கு வியாழக்கிழமைதான் என்பதால் அங்கே இரண்டு ராத்திரி. ஆய்க்குடி அங்கிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தம்பி போன் போட்டான். வேனின் படியில் உட்கார்ந்து எடுத்தேன். எதிரே மலை, பாதிவரைக்கும் மேகம். “எக்கா, எங்கன நிக்கிய?” என்றான்.

குற்றாலத்தில் நிற்கிறோம் என்றால் அரை மணியில் ஆட்டோ பிடித்து வந்துவிடுவான். வேனுக்குள் படுத்து எழுந்ததைப் பார்ப்பான். உடன்பிறந்தவன் வீடு பக்கத்திலிருக்க, அக்கா கார் நிறுத்தும் இடத்தில் ராத்தங்கினாள் என்று தெரு பேசும். மீனாவிடம் வா, போகலாம் என்பான், மீனா கட்டத்தைக் காட்டுவாள், நான் நடுவில் நிற்பேன். எனக்கு அந்த நேரத்தில் டேனியலின் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. “மலைக்கு அங்கிட்டு, தென்மலைலதான் நிக்கோம்ப்பா” என்றேன். “மரம் விழுந்து பாதைய அடச்சிருக்காம். எப்ப விடுவாவன்னு தெரியல. நாளைக்கு நேரஞ்செண்டுதான் வருவோம் போல.” நேரங்கழித்து வந்தோம், அதனால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிளம்புகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அவன் “சாப்பாட்டுக்கு என்ன செய்யுதிய” என்று மட்டும் கேட்டான். “எல்லாம் வண்டிக்குள்ளயே இருக்கு” என்று வைத்துவிட்டேன். நெஞ்சில் இருந்த கல்லை இறக்கியதுபோல இருந்தது.

அப்புறம் பேரருவிக்குப் போனோம். அதை எழுதத்தான் கை கூசுகிறது. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுத்தேன். பதினோரு வருஷமாகக் குழாயில் குளித்த உடம்பு. நகர மனசு வரவில்லை. பக்கத்தில் எண்ணெய் தேய்த்து நின்ற ஒருத்தி, “ஏ ஆச்சி, அருவிய எழுதி வாங்கியாச்சா? கொஞ்சம் நவுந்து நில்லுங்க” என்றாள். “பதினோரு வருசம் கழிச்சு வந்திருக்கேம்மா” என்றேன். “அதுக்குன்னு பதினோரு வருசக் குளியலையும் இன்னைக்கே குளிக்கணுமா?” என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆண்கள் பக்கத்தில் டேனியல் தண்ணீருக்குப் பயந்து நிற்க, ஒருவர் அவர் தோளைப் பிடித்து, “தலய உள்ள குடும், ஒண்ணும் ஆவாது, உம்ம ஊருக்குத் திருப்பி அனுப்பிருவோம்” என்று தள்ளியதைப் பார்த்ததாக மீனா சொன்னாள். அன்றைக்கு நான் சிரித்ததுபோல இங்கே வந்தபிறகு சிரித்ததே இல்லை.

பதினொரு மணி வாக்கில் தண்ணீர் செம்மண்ணாகத் திரும்பியது. போலீஸ்காரப் பிள்ளை விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினாள். குளிக்கத் தடை. ஈரத் தலையோடு வேனுக்கு வந்தபோது இசக்கியின் அழைப்பு வந்தது.

“அத்தே, அப்பா வந்து சேந்துட்டாவளா?”

“எங்கனட்டீ?”

“ஒங்ககிட்டத்தான். நீங்க பேசி வச்ச கையோட அடுப்பப் பத்தவைக்கச் சொல்லிட்டாவ. அக்கா மழைல மாட்டிக்கிட்டு நிக்கா, அந்த வெள்ளக்காரப் பிள்ள காஞ்சி கெடக்கும்னு புளிச்சோறும் தொவையலும் கட்டிக்கிட்டு எட்டரை பஸ்சுல போயிட்டாவ. பாதைதான் அடச்சிருக்காம்லா, எங்க போறியன்னு கேட்டேன். அடச்சா நடந்து தாண்டிக்கிடுதேன், நீ சோத்தக் கட்டுன்னுட்டாவ. போனையும் சார்ஜுல போட்டுட்டு அப்படியே போயிட்டாவ.”

போனை வைத்துவிட்டு மலையைப் பார்த்தேன். மேகம் அப்போது மலையை விட்டு எங்கள் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. மழை பிடித்தது. சாரல் இல்லை, மழை. டேனியல் போனில் பார்த்துவிட்டு, ஆரியங்காவுக்கு இந்தப்பக்கம் மரம் விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டதாம் என்றார். காலையில் நான் வாயால் விழவைத்த மரம் மத்தியானம் நிஜமாகவே விழுந்துவிட்டது.

மீனாவிடம் சொல்லவேண்டியதாயிற்று. நின்று நிதானமாகச் சொல்லவும் தெரியவில்லை, பாதியிலிருந்து சொன்னேன், பிறகு முதலிலிருந்து சொன்னேன். கக்கூஸ் கட்டியதையும் சொன்னேன். அவள் ஏசியிருந்தால் தேவலை. “நான் கேட்டேனேம்மா ஒன்கிட்ட” என்றாள். “ஒங்க சௌகரியம்னியே.” அவ்வளவுதான் சொன்னாள். டேனியலுக்கு அவள் என்ன சொன்னாளோ, எவ்வளவு சொன்னாளோ தெரியாது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, ரோடு ஆபத்து என்று மாமாவுக்கு முன்கூட்டியே சொன்னது நல்ல காரியம் என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, “மூடியிருக்குன்னு தெரிஞ்சபிறகும் ஏன் கிளம்பினார்?” என்று கேட்டார். மீனா என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். எந்த மொழியில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நான் வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்ட முதல் வருஷம், தீபாவளிக்கு முந்தின நாள், ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு மேலே போய் பஸ் நின்றுவிட்டது. தலைதீபாவளிகூட மாமியார் வீட்டிலேயே போகப்போகிறது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். சாயங்காலம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தம்பி. அப்போது அவனுக்குப் பதினாறு வயது இருக்கும். இடுப்புவரைக்கும் சேறு. ஓடையில் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்கிறான். என் வீட்டுக்காரர், “பாதைதான் இல்லையே மாப்ள, எப்படி வந்திய?” என்று கேட்டதற்கு, “பாதை இல்லன்னுதான அத்தான் வந்தேன். இருந்தா அவளே பஸ்சுல வந்திருப்பாள்லா” என்றான். மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் வடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான் போனான். இது தெரிந்தவள் நான். பாதை அடைத்திருக்கிறது என்று அவனிடம் சொன்னால் அவன் வீட்டில் இருக்க மாட்டான் என்பது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். பதினோரு வருஷத்தில் தம்பியை மறந்து, டேனியலின் அண்ணனை ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

புளியரைவரைக்கும் வேனில் போனோம். வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு போலீஸ்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு, “ரம்பம் கொண்டாரப் போயிருக்காவம்மா. ஒரு வண்டியும் மேல ஏறாது” என்றார். நான் இறங்கி நின்றேன். மீனா உள்ளே வா என்றாள், போகவில்லை. அறுபத்தெட்டு வயது அவனுக்கு. ஒரு முழங்கால் மடங்காது. அடைத்தால் நடந்து தாண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மேலே எந்த வளைவில், எந்த ஓரத்தில் நிற்கிறானோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரியங்காவு ஐயா, அவனை முழுசாக இறக்கிவிடு, நான் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஐந்து மணி இருக்கும். மேலே இருந்து முதலில் ஒரு லாரி இறங்கியது. அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு காலை நீட்டி, தூக்குவாளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தம்பி இறங்கினான். வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தான். எங்கள் வேன் தென்காசிப் பக்கமிருந்து வந்து மலையைப் பார்த்து நிற்பதைப் பார்த்தான். பின்கதவில் மூன்று ஈரத்துண்டு தொங்கியது. எனக்குக் குளித்த தலை, எண்ணெய் மணம்கூட இன்னும் போகவில்லை.

“எக்கா, எப்ப எறங்குனிய?”

சொல்லிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள்தான். “இப்பத்தாம்ப்பா” என்றேன்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். “அப்படித்தான் இருக்கும்” என்றான். “என் கண்ணு சரியில்லக்கா. எதுக்க வந்த வண்டிய பாக்காம விட்டிருக்கேன். தென்மலை வரைக்கும் போயி ஒவ்வொரு கடையா கேட்டேன். ஒரு சாயாக்கடைக்காரன், அங்ஙனெ ஒரு வண்டி இவிடெ இல்லல்லோன்னான். அவனுக்கும் கண்ணு தெரியல போல.” பிறகு டேனியல் பக்கம் திரும்பி, “வாங்க மருமவனே, பசிச்சிருக்கும்” என்று தூக்குவாளியைத் திறந்தான். சோற்றில் ஒரு சொட்டு மழை விழவில்லை. அவன் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று இசக்கி பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். டேனியல் நின்றபடியே கையால் அள்ளிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு மீனாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். என்ன கேட்கிறார் என்றேன். “மாமா ஏன் உன்னப் பாக்காமலே பேசுறார்னு கேக்கிறார்” என்றாள்.

மீனா அன்றைக்கே கட்டத்தை அழித்துவிட்டாள். மதுரை இல்லை என்று ஆயிற்று. ஆய்க்குடியில் நான்கு நாள் இருந்தோம். தெருவுக்குள் வேன் நுழையாது என்று முனையில் நிறுத்தினோம். தம்பி முதல் காரியமாக டேனியலைப் புழக்கடைக்குக் கூட்டிப்போய், கதவைத் திறந்து, தண்ணீர் இழுத்துக் காட்டினான். டேனியல் ரொம்ப நேரம் பாராட்டினார். ஆனால் படுக்கும் நேரம் வந்ததும், வீட்டாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அவர் வேனுக்குப் போய்விட்டார். மீனாவும் போனாள். “மருமவனுக்கு வீடு பிடிக்கலையோ?” என்று தம்பி என்னிடம் கேட்டான். “அவங்க ஊர்ல அது மரியாதப்பா” என்றேன். “அப்பச் சரி” என்றான். விடிந்து நான் எழுந்தபோது அவன் கட்டில் வீட்டில் இல்லை. தெருமுனைக்குப் போய்ப் பார்த்தால், வேனை ஒட்டிக் கட்டிலைப் போட்டு, போர்த்திப் படுத்திருக்கிறான். பால்காரர், “என்ன அண்ணாச்சி, வேனுக்குக் காவலா?” என்றார். “வீட்டுக்கு வந்தவங்கள தெருவுல விட்டுட்டு நான் உள்ள படுக்கவாடே?” என்று எழுந்து உட்கார்ந்தான். அதே நேரத்தில் வேன் கதவும் திறந்து டேனியல் தலையை நீட்டினார். என் இரண்டு கையிலும் இரண்டு தம்ளர் காப்பி. யாரிடம் முதலில் நீட்டுவது என்று தெரியாமல் தெருநடுவில் நின்றேன். ஆறிப்போகும்வரைக்கும் நின்றேன் என்று மீனா இப்போதும் கேலி செய்கிறாள்.

அந்த நான்கு நாளில் எத்தனையோ தடவை வாயெடுத்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் வேறு பேச்சை எடுத்துவிடுவான். அவனுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில், “அங்கன மழையாக்கா?” என்று வழக்கம்போலக் கேட்கிறான். நான் ஜன்னல்வரைக்கும் நடந்துபோய், திரையை விலக்கி, வெளியே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லுகிறேன்.

இதில் கிழமையும் மணியும் நான் நினைவிலிருந்து எழுதியவை. மரம் விழுந்தது ஆரியங்காவுக்கு மேலேயா கீழேயா என்பதும் நிச்சயமில்லை. எட்டரை மணிக்கு அந்தப் பஸ் உண்டா என்பதும் தெரியாது. தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் விசாரித்து, தப்பு இருந்தால் திருத்திப் போட்டுவிடுங்கள். தம்பியிடம் மட்டும் கேட்க வேண்டாம். கேட்டால் நான் எழுதியதுதான் சரி என்பான்.